பனிவெளியில் பள்ளி ஆசிரியர்



அறிவியல் கல்வி குறித்து ஒரு மணி நேரம் பேச வேண்டும், தலைப்பை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் எழுதியிருந்தார்கள். பாடத்திட்டம், தேர்வு முறை, செய்முறைக்கூடம் என்று பேச எவ்வளவோ இருக்கிறது. அவற்றைப் பேசாத மேடையும் இல்லை. நான் சற்றுத் தொலைவான ஒன்றை எடுத்துக்கொண்டேன். பள்ளி ஆசிரியர்களை அறிவியலாளர்களோடு துருவப் பகுதிகளுக்கு அனுப்பும் வழக்கம் 1990களில் அமெரிக்காவில் தொடங்கி வளர்ந்தது. அது எப்படி வந்தது, அங்கே போகும் ஆசிரியர் என்ன வேலை செய்கிறார், அவர் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கிறது, ஆகும் செலவு தகுமா என்பவையே இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பெங்குவினைப் பார்த்துவிட்டு வருவதில் பெரிய பயன் ஒன்றும் இல்லை. பாடப்புத்தகத்தின் ஒரு வரி எத்தனை பேர் உழைப்பில், எத்தனை ஐயங்களைக் கடந்து எழுதப்படுகிறது என்பதை அவர் தம் கையால் வேலை செய்து அறிவதில்தான் பயன் இருக்கிறது. வேலை கொடுக்காமல் வேடிக்கை காட்டித் திருப்பி அனுப்பினால் அதற்குச் சுற்றுலா என்று பெயர்.

பள்ளிகள் பணம் அனுப்பிய காலம்

துருவப் பயணத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1910இல் ராபர்ட் ஸ்காட் ‘டெரா நோவா’ கப்பலில் தென்துருவம் நோக்கிக் கிளம்பியபோது நிதி போதவில்லை. பள்ளிகளில் வசூல் நடந்தது. ஒரு பள்ளி மட்டக்குதிரைக்குக் கொடுத்தது, இன்னொன்று நாய்க்கு, வேறொன்று சறுக்குவண்டிக்கு, மற்றொன்று உறக்கப்பைக்கு. எந்தப் பள்ளி எதற்குக் கொடுத்ததோ அதற்கு அந்தப் பள்ளியின் பெயரை வைத்தார்கள். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் எழுதுகிற நம் ஊர் வழக்கம் உங்களுக்கு நினைவு வரலாம். அண்டார்க்டிகாவின் பனியில் பள்ளிகளின் பெயர்கள் நாயாகவும் குதிரையாகவும் நடந்தன. அந்த ஏற்பாட்டில் பள்ளியின் பங்கு பணத்தோடு முடிந்தது.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. 1911ஆம் ஆண்டுக் குளிர்காலம், சூரியன் எழாத மாதங்கள். கேப் எவன்ஸ் என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய குடிலில் வாரத்துக்கு மூன்று இரவு சொற்பொழிவு வைத்தார்கள். ஜார்ஜ் சிம்ப்சன் வானிலை பற்றிப் பேசினார். அவர் இந்திய வானிலைத் துறையிலிருந்து அந்தப் பயணத்துக்குப் போனவர். எட்வர்ட் வில்சன் பறவைகளைப் பற்றிப் பேசினார். ஹெர்பர்ட் பாண்டிங் தாம் ஜப்பானில் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். ஆய்வும் கல்வியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. ஆனால் கேட்டவர்கள் அந்தக் குடிலின் ஆட்கள் மட்டுமே.

அடுத்த கட்டத்தில் மாணவர்கள் போனார்கள். 1921இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தம் ‘குவெஸ்ட்’ கப்பலில் இரண்டு சாரணர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் கடல் ஒவ்வாமல் வழியிலேயே திரும்பிவிட்டார். மற்றவர் ஜேம்ஸ் மார். பின்னாளில் அவர் கடலுயிரியலாளர் ஆனார்; திமிங்கிலங்களின் உணவான கிரில் என்னும் சிற்றிறாலைப் பற்றி அவர் செய்த ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. 1928இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் பைர்ட் தம் பயணத்துக்குப் போட்டி வைத்துப் பால் சைப்பிள் என்ற 19 வயதுச் சாரணரைத் தேர்ந்தெடுத்தார். காற்று வீசும்போது குளிர் ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதை அளந்து சொன்ன இருவரில் ஒருவர் அந்தச் சைப்பிள்தான். 1957இல் தென்துருவ நிலையத்தின் முதல் அறிவியல் தலைவராகவும் அவர் இருந்தார்.

இளம் வயதில் களத்தைப் பார்த்தவன் ஆய்வாளனாக வளர்வான் என்பதற்கு இவ்விருவரும் சான்று. ஆனாலும் கணக்கு ஒன்றுக்கு ஒன்றுதான்: ஒரு மாணவன் போனான், ஓர் அறிவியலாளர் கிடைத்தார். ஆசிரியரின் கணக்கு வேறு. அவர் முன்னே ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பு வந்து உட்காருகிறது.

ஆசிரியரின் முறை

ஆசிரியரைக் களத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் முதலில் விண்வெளியைச் சுற்றியே பெரிதாகப் பேசப்பட்டது. நாசா ஓர் ஆசிரியரை விண்கலத்தில் அனுப்ப முடிவு செய்தபோது 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் சமூக அறிவியல் பாடம் நடத்திய கிறிஸ்டா மெக்காலிஃப் தேர்வானார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. நாடெங்கும் பள்ளிகளில் பிள்ளைகள் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற பார்பரா மார்கன் 2007இல்தான் விண்வெளிக்குப் போக முடிந்தது.

அந்தத் துயரத்தோடு எண்ணம் செத்துவிடவில்லை. தரைக்கும் கடலுக்கும் இறங்கி வந்தது. 1990இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் தன் ஆய்வுக் கப்பல்களில் ஆசிரியர்களை ஏற்றத் தொடங்கியது. அதே பத்தாண்டில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் ஆசிரியர்கள் அண்டார்க்டிகாவுக்கும் பின்பு ஆர்க்டிக்குக்கும் போனார்கள். 2004இல் ஆர்க்டிக் ஆய்வுக்கான அமெரிக்கக் கூட்டமைப்பு ‘ட்ரெக்’ என்ற திட்டத்தை நடத்தியது. 2007இல் அது இரு துருவங்களுக்கும் விரிந்து ‘போலார்ட்ரெக்’ ஆயிற்று. இன்றைய பேச்சில் நான் பெரிதும் சொல்லப்போவது இந்தத் திட்டத்தைப் பற்றித்தான்.

2007 என்ற ஆண்டு தற்செயல் இல்லை. அது பன்னாட்டுத் துருவ ஆண்டின் தொடக்கம். முதல் துருவ ஆண்டு 1882–83இல் நடந்தது. கார்ல் வைப்ரெக்ட் என்ற ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரியின் கனவு அது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே கொடி நட ஓடுவதால் அறிவு வளராது, பல நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே முறையில் அளந்தால்தான் வளரும் என்றார் அவர். 1932–33இல் இரண்டாவது ஆண்டு. 1957–58இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு. 2007–08 துருவ ஆண்டில் கல்வியும் மக்களிடம் கொண்டுசேர்த்தலும் ஆய்வோடு சேர்த்தே திட்டமிடப்பட்டன. 2012இல் மாண்ட்ரியலில் அந்தத் துருவ ஆண்டின் நிறைவு மாநாடு கூடியது. அதையொட்டித் துருவக் கல்வியாளர்களுக்கென்றே ஒரு பன்னாட்டு அமைப்பும் உருவானது.

இதில் நல்லெண்ணம் மட்டும் வேலை செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1997 முதல் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வுத் திட்டங்களை இரண்டு அளவுகோல்களால் எடைபோட்டது. ஒன்று, ஆய்வின் அறிவுத் தகுதி. மற்றொன்று, அதனால் சமூகத்துக்கு விளையும் பரந்த பயன். நிதி கேட்கும் பேராசிரியர் இரண்டாம் கேள்விக்கும் பதில் எழுதியாக வேண்டும். ‘என் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியர் இருப்பார்’ என்பது அதற்கு நல்ல பதில். விதி ஒன்று மாறியதால் கதவு ஒன்று அகலத் திறந்தது. கல்விச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. ஆசிரியரை மதியுங்கள் என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, அவரைச் சேர்த்தால் மதிப்பெண் உண்டு என்று விதியில் எழுதுவது விரைவாகப் பலிக்கிறது.

போவது எப்படி

போலார்ட்ரெக் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டஜன் ஆசிரியர்களை அனுப்பியது. ஆசிரியர் விண்ணப்பித்தார், பள்ளி நிர்வாகம் ஒப்ப வேண்டியிருந்தது. கூட்டமைப்பு வடிகட்டிய பட்டியலிலிருந்து, தம்மோடு யார் வரவேண்டும் என்பதை ஆய்வுக் குழுவின் தலைவர்களே பேசிப்பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இது முக்கியம். மேலிடம் ஒட்டிவிட்ட விருந்தாளியாக ஆசிரியர் போகவில்லை. வேலைக்கு ஆள் என்று குழு தானே எடுத்துக்கொண்டவராகப் போனார். பிறகு அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் பயிற்சி. அண்டார்க்டிகாவுக்குப் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனையோடு பல் பரிசோதனையும் கட்டாயம். பல்வலி என்றால் ஓடிப்போய்ப் பார்க்க அங்கே ஊர் இல்லை.

களத்தில் சில வாரங்கள். அண்டார்க்டிகா வழி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். அங்கே குளிராடை வாங்கிக்கொண்டு ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற வேண்டும். ராஸ் தீவின் மக்மர்டோ நிலையத்துக்குப் பெரிய விமானத்தில் ஐந்து மணி நேரம். போகும் வழியில் மக்மர்டோவில் வானிலை கெட்டால் விமானம் பாதி வழியில் திரும்பிவிடும். துருவத்தார் இதற்கு ‘பூமராங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கியதும் வேலை தொடங்கிவிடவில்லை. முதலில் கூடாரம் அடிக்கவும், பனிக்கட்டியால் சுவர் எழுப்பவும், வெட்டவெளிப் பனியில் ஓர் இரவு தூங்கவும் கற்றுத்தந்தார்கள். தென்துருவ நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ 200 மீட்டர் கூடுதல். கோடையிலேயே மைனஸ் 28 டிகிரி சாதாரணம்.

இதெல்லாம் கேட்கச் சுவையாக இருக்கும்; ஆசிரியர் திரும்பி வந்து முதலில் சொல்வதும் இதைத்தான். ஆனால் பாடம் இதற்கு அப்பால் தொடங்குகிறது.

கம்பி கல்லில் பட்டதா, உறைநிலத்தில் பட்டதா?

அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரைத் தாண்டி, டூலிக் என்ற ஏரிக்கரையில் 1975 முதல் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம் நடத்துவது. போலார்ட்ரெக் ஆசிரியர்கள் பலர் போன இடம். கோடையில் சூரியன் மறையாது, கொசுவும் ஓயாது. அங்கே மண்ணுக்கு அடியில் நிரந்தர உறைநிலம் கிடக்கிறது. அதன் மேலடுக்கு மட்டும் கோடையில் உருகிக் குளிர்காலத்தில் மறுபடி உறைகிறது. அந்த அடுக்கு எவ்வளவு ஆழம் உருகுகிறது என்பது உலகுக்கே முக்கியமான கேள்வி. வடக்கின் உறைநிலத்தில் புதைந்திருக்கும் கரிமம் இன்றைய வளிமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உருகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளிவிடும்.

இந்த ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்? செயற்கைக்கோள் இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் அளவு குறித்த ஓர் இரும்புக் கம்பியைத்தான் மண்ணில் குத்துகிறார்கள். கம்பி தட்டி நிற்கும் இடத்தில் ஆழத்தைப் படித்து எழுதிக்கொள்கிறார்கள். 1991இல் தொடங்கிய பன்னாட்டுக் கண்காணிப்பில், ஒரு கிலோமீட்டர் சதுரத்தை நூறு நூறு மீட்டராகக் கட்டம் போட்டு 121 புள்ளிகளில் குத்தி அளப்பது ஒரு முறை. ஆண்டுதோறும், அதே புள்ளிகளில்.

கம்பியைக் குத்தும் கைக்கு ஒரு சிக்கல் வரும். கம்பி தட்டி நின்றது கல்லிலா, உறைநிலத்திலா? பழகிய கைக்கு அதிர்வும் ஓசையும் சொல்லிவிடும். புதிய கை தடுமாறும். ஓரடி தள்ளி மறுபடி குத்திப் பார்க்கும். ஐயம் தீராவிட்டால் குறிப்பேட்டில் ஐயம் என்றே எழுத வேண்டும். நாம் பாடப்புத்தகத்தில் ‘உறைநிலம் உருகிவருகிறது’ என்று அரை வரியில் படிக்கிறோம். அந்த அரை வரிக்குக் கீழே இப்படிக் குத்திய கம்பிகளும் ‘இது கல்லாக இருக்கலாம்’ என்ற குறிப்புகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவ்வேலையை ஒரு நாள் செய்த ஆசிரியரிடம் ஒரு மாணவி வந்து ‘சார், இதெல்லாம் உண்மையா?’ என்று கேட்டால் அவர் இரண்டு தவறுகளைச் செய்யமாட்டார். புத்தகத்தில் இருக்கிறது, பேசாமல் படி என்று சொல்லமாட்டார். விஞ்ஞானிகள் எதையாவது சொல்வார்கள் என்று கைவிரிக்கவும் மாட்டார். எப்படி அளந்தோம், எங்கே தவறு வரலாம், அத்தவறு வந்தும் முடிவு ஏன் நிற்கிறது என்று சொல்வார். அறிவியல் கல்வியில் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ‘ஆண்ட்ரில்’. அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து அண்டார்க்டிகக் கடலடியில் துளையிட்ட திட்டம் அது. 2006இல் மக்மர்டோ பனித்தட்டின்மேல் துளைக்கோபுரத்தை நிறுத்தினார்கள். பனித்தட்டைத் துளைத்து, அதன் கீழே எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட கடல்நீரைத் தாண்டி, கடலடிப் படிவுகளில் 1,285 மீட்டர் ஆழம்வரை தண்டு தண்டாக மண்ணையும் பாறையையும் எடுத்தார்கள். மறு ஆண்டு வேறோர் இடத்தில் 1,138 மீட்டர். இந்தத் திட்டத்தில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. நான்கு நாட்டு ஆசிரியர்களும் அறிவியலாளர்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தார்கள்.

அந்தத் தண்டுகளில் என்ன தெரிந்தது? பனி அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய சரளைப் படிவு ஓர் அடுக்கு. அதன்மேல் டையட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த அடுக்கு. பாசி வளர வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வர வேண்டுமானால் அங்கே திறந்த கடல் இருந்திருக்க வேண்டும். சரளை, பாசி, சரளை, பாசி என்று அடுக்குகள் மாறி மாறி வந்தன. 30 இலட்சம் முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், புவி இன்றைவிடச் சற்று வெப்பமாக இருந்த காலத்தில், மேற்கு அண்டார்க்டிகப் பனிவிரிப்பு பலமுறை சிதைந்தும் மீண்டும் வளர்ந்தும் இருக்கிறது. அது ஏறத்தாழ 40,000 ஆண்டுக்கு ஒருமுறை, புவியச்சின் சாய்வு மாறும் தாளத்துக்கு ஏற்ப நடந்தது என்று 2009இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அண்டார்க்டிகா என்றால் அசையாத பனி என்று வகுப்பில் சொல்லிவந்த ஓர் ஆசிரியர், அந்தத் தண்டைக் கையில் ஏந்தியபிறகு அப்படிச் சொல்லமாட்டார்.

மூன்றாவது ‘ஐஸ்கியூப்’. தென்துருவத்தின் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டர் அளவுக்குக் கட்டப்பட்ட, நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடும் ஆய்வுக்கூடம். வெந்நீரைப் பீய்ச்சிப் பனியில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார்கள். துளைக்கு ஒரு வடம் என்று 86 வடங்கள். அவற்றில் 5,160 ஒளி உணர்விகள். 2010 டிசம்பரில் பணி முடிந்தது. நியூட்ரினோ பனியோடு மோதும் அரிய தருணத்தில் எழும் நீல ஒளியை அவை பிடிக்கின்றன. சூரியக் குடும்பத்துக்கு வெகு தொலைவிலிருந்து வந்த உயர் ஆற்றல் நியூட்ரினோக்களுக்கான சான்றை 2013இல் அந்தக் குழு வெளியிட்டது. இக்குழுவோடும் பள்ளி ஆசிரியர்கள் தென்துருவம் போயிருக்கிறார்கள்.

நியூட்ரினோ என்றதும் நமக்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரம் நினைவு வரும். அங்கே முன்மொழியப்பட்ட ஆய்வுக்கூடம் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வாதம் எழும்போது ஊரார் முதலில் போய்க் கேட்கக்கூடிய படித்த ஆள் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்தான். அவருக்கே அந்தத் துகளைப் பற்றிப் புத்தக வரிக்கு மேல் தெரிய வழி இல்லாவிட்டால் வாதம் அச்சத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையே மட்டும் நடக்கும். களம் கண்ட ஆசிரியரின் தேவை வகுப்பறைச் சுவருக்கு வெளியேயும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

பயன் எப்போது தெரியும்?

போலார்ட்ரெக்கில் களத்திலிருந்த ஆசிரியர் அன்றாடம் நாட்குறிப்பு எழுதி இணையத்தில் ஏற்றினார். அவர் பள்ளிப் பிள்ளைகளும் பிற ஊர்ப் பிள்ளைகளும் கேள்வி அனுப்பினார்கள். நேரலையில் அறிவியலாளரோடு சேர்ந்து பதில் சொன்னார். திரும்பி வந்து தம் அனுபவத்தைப் பாடத்திட்டமாக எழுதித் தந்தார். பிற ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் மாணவர் படிப்பு உயர்கிறதா? துருவத் திட்டங்களை மட்டும் வைத்து அளப்பது கடினம், போனவர்கள் குறைவு. ஆனால் ஆய்வில் ஈடுபட்ட ஆசிரியரின் வகுப்பு என்ன ஆகிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1990 முதல் பள்ளி ஆசிரியர்கள் அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் ஆய்வகங்களில் வேலை செய்யும் திட்டம் நடந்தது. சாமுவேல் சில்வர்ஸ்டீனும் அவர் குழுவினரும் அதன் விளைவை ஆராய்ந்து 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்வதற்கு முன்பு இந்த ஆசிரியர்களின் மாணவர்களும் அதே பள்ளிகளின் பிற ஆசிரியர்களுடைய மாணவர்களும் மாநில அறிவியல் தேர்வில் ஒரே அளவில்தான் தேறினார்கள். சேர்ந்தபின் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இவர்களின் மாணவர் தேர்ச்சி 10.1 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்தது. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் பள்ளிகளுக்கு 1.14 டாலர் மிச்சம் என்றும் கணக்கிட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். பயணம் முடிந்த மறுவாரம் பாராட்டு விழா வைத்து, சால்வை போர்த்தி, படக்காட்சி ஒன்று நடத்தி, கோப்பை மூடிவிடுகிற வழக்கத்தில் இந்தப் பயன் கிடைக்காது. ஆசிரியர் பார்த்தது அவர் கற்பிக்கும் முறையில் ஊறுவதற்குக் காலம் வேண்டும். அதுவரை அவரை அதே பாடத்தில், அதே வகுப்புகளில் விட்டுவைக்கவும் வேண்டும்.

குறைகளும் மாற்று வழியும்

இத்திட்டத்தின்மேல் சொல்லக்கூடிய குறைகளையும் சொல்ல வேண்டும். துருவ நிலையத்தில் படுக்கைகள் எண்ணி வைத்தவை. ஆசிரியருக்கு ஒன்று கொடுத்தால் ஓர் ஆய்வு மாணவருக்கு ஒன்று குறையலாம். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்பது அவ்வளவு பெரிய நாட்டுக்கு மிகச் சிறிய எண். பல வாரம் ஆசிரியரை விட்டுக்கொடுக்க வசதியான பள்ளிக்குத்தான் எளிது. ஓராசிரியர் பள்ளிக்கு முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொன்று: ஆர்க்டிக் வெற்றிடம் இல்லை. அங்கே இனூபியாக் உள்ளிட்ட மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊரிலும் பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். தெற்கிலிருந்து ஓர் ஆசிரியர் பறந்து வந்து அவர்கள் வாசலில் அறிவியல் கற்றுக்கொண்டு போவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது.

இதற்கு அலாஸ்காவிலேயே விடை கண்டவர்கள் உண்டு. மார்ட்டின் ஜெஃப்ரிஸ் என்ற பனியியலாளர் தொடங்கிய ஏரிப்பனிக் கண்காணிப்பு வலையமைப்பில், அலாஸ்கா ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் ஊர் ஏரியின் பனித் தடிமனையும் மேலே கிடக்கும் பொழிபனியின் ஆழத்தையும் வெப்பநிலையையும் அளந்தார்கள். அதிலிருந்து ஏரி எவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்கு இழக்கிறது என்று தாங்களே கணக்கிட்டார்கள். மேலே பொழிபனி அதிகம் கிடந்தால் அடியில் பனி மெதுவாகத்தான் தடிக்கும். பொழிபனி வெப்பத்தைத் தடுக்கும் போர்வை. உறைந்த ஏரியின்மேல் வண்டி ஓட்டிப் போகும் ஊரில் இது உயிர் காக்கும் கணக்கு. கென்ஜி யோஷிகாவா என்ற உறைநில ஆய்வாளர் அலாஸ்காவின் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளுக்கு அருகே துளையிட்டு வெப்பமானிகளை இறக்கிவைத்தார். ‘டனல் மேன்’ என்று வீரர் வேடம் கட்டிப் பிள்ளைகளுக்குக் காணொளியும் எடுத்தார். இங்கே ஆசிரியர் களத்துக்குப் போகவில்லை. பள்ளி வளாகமே களமாயிற்று. அளவுகள் ஆய்வாளருக்கும் பயன்பட்டன, பிள்ளைகளுக்கும் பயன்பட்டன.

இரண்டு வழிகளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. தொலைவுக்குப் போகும் ஒருவர் வேண்டும். உள்ளூரில் அளக்கும் நூறு பேரும் வேண்டும். தொலைவுக்குப் போய் வந்தவர் அந்த நூறு பேருக்கு வழிகாட்டியாக ஆகாவிட்டால் அவர் பயணத்துக்கான செலவு வீண்.

நம் பக்கம்

இந்தியாவுக்கும் துருவங்களில் வீடு இருக்கிறது. 1981–82இல் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் குழு அண்டார்க்டிகாவில் இறங்கியது. தட்சிண கங்கோத்ரி நிலையத்துக்குப் பின் 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி என்று நிலையங்கள் எழுந்தன. ஆர்க்டிக்கில் நார்வேயின் நி-ஆலெசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி இருக்கிறது. இமயத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கில் 2016இல் ஹிமான்ஷ் நிலையம் அமைந்தது. இவற்றை நடத்தும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் கோவாவில் இருக்கிறது. 2022இல் ஆர்க்டிக் கொள்கையும் அண்டார்க்டிகச் சட்டமும் வந்தன. ஆண்டுதோறும் குழு போகிறது. அறிவியலாளரும் பொறியாளரும் மருத்துவரும் சமையற்காரரும் போகிறார்கள். அந்தப் பட்டியலில் பள்ளி ஆசிரியர் என்ற பதவிக்கும் நிலையான இடம் வேண்டும் என்பதே இந்த மேடையிலிருந்து என் வேண்டுகோள்.

அப்படி இடம் கிடைத்தால் நான்கு நிபந்தனைகளை இப்போதே எழுதிவைக்கலாம். போகும் ஆசிரியருக்குக் குழுவில் பெயர் குறித்த வேலை இருக்க வேண்டும். அந்த வேலையின் பலனில் அவர் பெயரும் வர வேண்டும். தேர்ந்தெடுப்பது ஆய்வுக் குழுவாக இருக்க வேண்டும். சிபாரிசுக் கடிதங்களுக்கு இடம் கூடாது. கிராமத்து அரசுப் பள்ளி ஆசிரியர் போகும் காலத்துக்கு மாற்று ஆசிரியரை அரசே அமர்த்த வேண்டும். இல்லையேல் நகரத்து வசதிப் பள்ளிகளே முந்திக்கொள்ளும். திரும்பி வந்தவரிடம் மூன்று ஆண்டு தொடர்பணி கேட்க வேண்டும்: தம் மாவட்டத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி, தம் பள்ளியைச் சுற்றி ஏதேனும் ஒன்றை ஆண்டுதோறும் அளக்கும் திட்டம். மழை, கிணற்று நீர்மட்டம், கடற்கரை அரிப்பு, எதுவாகவும் இருக்கட்டும். அளக்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

அந்த வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரிப் பேராசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அடுத்த களப்பணிக்கு, அது மன்னார் வளைகுடாவாக இருந்தாலும் நீலகிரிச் சோலையாக இருந்தாலும், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துப்போங்கள். அழைத்துப்போய் நிழலில் உட்கார வைக்காதீர்கள். கையில் அளவுகோலையும் குறிப்பேட்டையும் கொடுங்கள். ஆசிரியர்களிடமும் ஒன்று: யாரும் அழைக்காவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.